ஒரு வரி போய்ச் சேராத நாள்

ஓய்வு பெற்ற பிறகும் என் எண்ணை உங்களில் பலர் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூப்பிட்டதும் நீங்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "சார், சர்வர்ல ரிமோட் லாகின் மறுக்குது. செக்யூரிட்டி பாலிசியை ஒரு நிமிஷம் அணைச்சுட்டுப் பார்க்கட்டுமா?" கேட்கும்போதே உங்கள் விரல் அந்தக் கட்டளையை அடித்து முடித்திருக்கும். என் சம்மதம் ஒரு சடங்கு, அவ்வளவுதான். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் காது சூடாகிறது. உங்கள் மேல் கோபத்தால் அல்ல.

அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன். இது ரகசியம் ஒன்றுமில்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் எங்கள் பயிற்சி வகுப்புகளில் என் பெயரைச் சொல்லாமல் இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்வார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்ததை நினைத்தாலும் கூசுகிறது.

எண்பதுகளின் கடைசி. தருமபுரியில் எங்கள் அரசு கம்ப்யூட்டர் மையம் என்பது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் ஏ.சி., பெரிய மெஷின், அதன் கன்சோல். மற்றொன்றில் நாங்களும் எங்கள் வியர்வையும். மொட்டை மாடியில் ஒரு பெரிய வட்டத் தட்டு வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். அதன் வழியாகத்தான் மெட்ராஸில் இருந்த எங்கள் தலைமை மையம் எங்கள் மெஷினுக்குள் வந்து போகும். மெஷின் அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தூசி போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் வேலையாக வருகிற அலுவலர்களில் சிலர் வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு கன்னத்திலும் போட்டுக்கொள்வார்கள். "இது சாமி இல்லைங்க" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாமி என்றால் நான் பூசாரி ஆயிற்றே. அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது.

படித்து முடித்து நேராக வந்தவன் நான். அதியமான்கோட்டையில் அறை. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதுகூட மெஷினின் கையேட்டைப் படித்துக்கொண்டு வருவேன். படித்ததை அன்றைக்கே செய்து பார்க்காவிட்டால் தூக்கம் வராது. யாராவது வந்து "இது ஆகலை" என்றால் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஆக்கிவிட்டிருப்பேன். ஏன் ஆகவில்லை என்று கேட்க நேரம் இருக்காது. "தம்பி கை பட்டாப் போதும்" என்று என் காதுபட ஒருவர் சொன்னார். அதை வைத்துக்கொண்டு பல மாதம் வாழ்ந்தேன்.

அப்படி நான் கை வைத்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டு மாவட்டம் முழுக்க வறட்சி. எந்தெந்த ஊரில் குடிதண்ணீர் நின்றுபோனது என்ற விவரத்தை எங்கள் மெஷினில் தனியாக ஒரு கணக்கில் சேர்த்து வைப்போம். டேட்டா அடிக்கிறவர்கள் அந்தக் கணக்கின் டைரக்டரியில், அதாவது கோப்புகள் இருக்கும் இடத்தில், எழுதப் போனால் அவ்வப்போது 'அனுமதி இல்லை' என்று வரும். முறையாகச் செய்வதென்றால் அவர்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். நான் 777 போட்டேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம், யாரும் ஓட்டலாம். புகார் அத்தோடு நின்றது. எனக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது.

பிறகு வெளிநாட்டில் எங்கோ கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ வரிசையாகப் புகுந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தலைமை மையம் விழித்துக்கொண்டது. புதிய பாதுகாப்பு விதிகளோடு ஒரு டேப் அனுப்பினார்கள். கூடவே விளக்கக் குறிப்பும் வந்தது. டேப்பை அன்றே ஏற்றினேன். குறிப்பைப் பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்தேன். எப்படிப்பட்ட கையேட்டையும் விடாமல் படிக்கிறவன், இதை மட்டும் படிக்கவில்லை. அதில் புதிதாகச் செய்து பார்க்க ஏதும் இல்லை. செய்யக் கூடாதவைதான் இருந்தன.

இப்போது நூர்ஜஹானைச் சொல்ல வேண்டும். மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களின் குடிநீர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் அவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தருமபுரிக் கடைவீதியில் அவருடைய அப்பாவுக்கு மோட்டார் வைண்டிங் கடை. சேலத்தில் பாலிடெக்னிக் படித்துவிட்டு, ஆண்கள் மட்டுமே இருந்த ஒரு பிரிவில் வாய்த்துடுக்கை வைத்தே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் வைத்த பெயர் 'கம்ப்யூட்டர் சார்'. அதில் 'சார்' என்பதை ஒரு இழுப்பு இழுப்பார்.

ஒருநாள் காலையில் வெயிலில் வந்த முகத்தோடு வாசலில் நின்றார்.

"கம்ப்யூட்டர் சார், லிஸ்ட்ல ஒரு ஊரு சேர்க்கணும். புளியங்கொட்டாய்ல இருந்த ஒரே அடிபம்பும் நேத்து நின்னுபோச்சு. இன்னைக்கு மூணு மணியோட மெட்ராஸ்ல போர் வண்டி பிரிச்சு முடிச்சிடுவாங்க. நான் போய் எஸ்.டி.டி. போட்டுச் சொல்லிடட்டுமா?"

அந்த நாளில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் கொஞ்சம்தான். வறட்சி மாவட்டங்களோ பல. எந்த ஊருக்கு எந்த வண்டி என்று மெட்ராஸில் ஒரு கூட்டத்தில் முடிவு செய்வார்கள். கூட்டம் முடிந்து பட்டியல் தட்டச்சாகி வெளியே போனால் முடிந்தது. வண்டிகள் மறுநாளே கிளம்பிவிடும். விட்டுப்போன ஊர் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தின் பெரிய பட்டியல், அந்த டேப்பை ஏற்றுவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. பாக்கி இருந்தது இந்த ஒரு ஊர். ஒரு வரி.

"எதுக்குங்க மேடம் எஸ்.டி.டி.?" என்றேன். "இங்க டைப் பண்ணிட்டா, அங்க இருந்து அவங்களே நம்ம மெஷினுக்குள்ள வந்து எடுத்துக்குவாங்க. கண்ணு சிமிட்டறதுக்குள்ள."

"எங்க ஆபீஸ்ல கண்ணு சிமிட்டினா ஃபைலு காணாமப் போயிடும்."

"அதுக்குத்தாங்க கம்ப்யூட்டர்."

"சரி. உங்களை நம்பறேன். ஆனா ஆச்சுன்னு தெரியற வரைக்கும் நான் இங்கிருந்து நகரமாட்டேன், சொல்லிட்டேன்."

வரியை அடித்துச் சேர்த்தேன். டீ வாங்கிவரச் சொன்னேன். அவருக்கு மெஷினைச் சுற்றிக்காட்டினேன். வழக்கம்போல, அவர் கேட்காமலேயே.

மதியத்துக்கு மேல் தலைமை மையத்திலிருந்து போன் வந்தது. மறுமுனையில் ஸ்ரீதர். என்னோடு பயிற்சி எடுத்தவன். வேகத்தில் எனக்குத் தம்பி.

"டேய், உங்க மெஷின் உள்ள விடமாட்டேங்குதுடா. அனுமதி இல்லைங்குது."

இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் என் முட்டாள்தனத்தின் முழு அளவு தெரியும். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து நுழைவதைப் புதிய விதி தடுத்திருந்தது. பாஸ்வேர்ட் வானம் வழியாகத் திறந்த கடிதம்போலப் போகிறது, யாரும் பிடித்துக்கொள்ளலாம் என்பது காரணம். பதிலாக, வறட்சிக் கணக்கின் டைரக்டரியில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். 'இந்த மெஷினிலிருந்து இந்த ஆள் வந்தால் விடு' என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் மெஷின் அதைப் பார்த்து உள்ளே விடும். ஆனால் புதிய விதியில் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோப்பிலும் அது இருக்கும் டைரக்டரியிலும் சொந்தக்காரரைத் தவிர வேறு யாராலும் எழுத முடியக் கூடாது. கண்டவரும் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் பட்டியலை எப்படி நம்புவது? ஆகவே நம்பாதே, விடாதே.

புரிகிறதா? மெஷின் உள்ளே விடாததற்குக் காரணம், நான் எல்லாவற்றையும் திறந்து போட்டிருந்தது. மறுப்பு வந்ததும் நான் என்ன செய்தேன்? இன்னும் திறந்தேன்.

"இரு, திறந்து விடறேன்" என்றேன். அந்தக் கோப்புக்கும் 777 போட்டேன். "இப்பப் பாரு."

"இல்லடா."

மேலே இருந்த டைரக்டரிக்கும் போட்டேன். "இப்ப?"

"இல்லை. அப்படியேதான் இருக்கு."

ஒவ்வொரு முறை ஸ்ரீதர் முட்டும்போதும் என் பக்கத்தில் கன்சோல் டகடகவென்று ஒரு வரியை அச்சடித்தது. அந்தக் காலக் கன்சோலுக்குத் திரை கிடையாது. நீளக் காகிதத்தில் அடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது மடிந்து மடிந்து தரையில் விழுந்து என் வெறுங்காலுக்கடியில் குவிந்துகொண்டிருந்தது. நான் அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன். மறுப்பு என்றால் என் வரையில் ஒரு தடை. தடையைத் தாண்ட வேண்டும். தடை ஏதோ சொல்ல வருகிறது என்ற எண்ணமே எனக்கு இல்லை.

நூர்ஜஹான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப்பார்த்தார்.

"என்ன சார், ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குங்க."

"சோறு வேகுதுன்னு சொல்றாப்ல சொல்றீங்க. மணியைப் பாத்தீங்களா?"

"இதோ முடிஞ்சிடும் மேடம்."

அவர் என் காதில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போனுதான் கையிலயே இருக்கே சார். அந்தப் பக்கம் ஒரு ஆளும் இருக்காரு. ஒரே ஒரு ஊரு பேரு. வாயால சொல்லிடுங்களேன்."

இதை எழுதும்போது என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது வார்த்தை கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் சொன்னது இதுதான்:

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க மேடம். வாய் வார்த்தையில சொன்னாத் தப்பா எழுதிக்குவாங்க. அதைத் தவிர்க்கத்தானே இந்த சிஸ்டமே கொண்டுவந்தது."

"தப்பாவாச்சும் எழுதிக்குவாங்கல்ல?"

"கொஞ்சம் பொறுங்க மேடம். நான் பாத்துக்கறேன்."

ஊரின் பெயர் தப்பாகிவிடும் என்பது நொண்டிச் சாக்கு. உண்மை வேறு. காலையில்தான் கண் சிமிட்டும் நேரம் என்று சொல்லியிருந்தேன். இப்போது போனில் கத்தி ஊர் பெயர் சொன்னால், காலையில் அவர் போட நினைத்த எஸ்.டி.டி.க்கும் என் மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத் தவிர்க்க ஒரு ஊரை நிறுத்தி வைத்தேன். மறுமுனையில் ஸ்ரீதருக்கும் இது தோன்றவில்லை. அவனும் நானும் ஒரே புதிரை இரண்டு பக்கமிருந்து முட்டிக்கொண்டிருந்தோம். புதிர் எங்களுக்குச் சுவையாகவே இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"உனக்குத்தான் எல்லா அதிகாரமும் இருக்கே. மொத்தமா போட்டு விடேன்டா" என்றான் ஸ்ரீதர்.

மொத்தமாகப் போட்டேன். மெஷினின் உச்சியிலிருந்து அடிவரை, எல்லாக் கோப்புக்கும், எல்லா நிரலுக்கும் 777. அடித்துவிட்டுப் பெருமையோடு நூர்ஜஹானைத் திரும்பிப் பார்த்தேன். "இனிமே எதுவும் தடுக்க முடியாது."

உங்களில் சிலர் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சில நிரல்கள் யார் ஓட்டினாலும் தமக்கென்று ஒரு தனி அதிகாரத்தோடு ஓடும். அதற்கு அவற்றின் மேல் ஒரு தனிக் குறி இருக்கும். நான் போட்ட கட்டளை அந்தக் குறியை எல்லாவற்றிலிருந்தும் துடைத்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வந்தது, "சார், மெயில் போகமாட்டேங்குது." இன்னொரு குரல், "சார், என் பாஸ்வேர்டை மாத்த முடியலை." எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். யாராலும் எதையும் செய்ய முடியவில்லை.

மெயில் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. லாகின் ஆகாவிட்டால் அந்த ஒரு வரியை மெயிலில் அனுப்பியிருக்கலாம். சற்று முன்வரை அந்த வழி இருந்தது. அதையும் நானே மூடியிருந்தேன்.

வியர்த்தது, ஏ.சி. அறையில். போனில் ஸ்ரீதர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நூர்ஜஹான் இப்போது வாசலில் இல்லை. உள்ளே வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கேலி போயிருந்தது.

"சார், மூணாகப் போகுது. போனைக் குடுங்க. நானே சொல்லிக்கறேன்."

கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை மேடம், இது கடைசி" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். என்ன அடித்தேன் என்றுகூட நினைவில்லை. ஓர் அதிகாரியின் கையிலிருந்து போனைப் பறிப்பதா என்று அவர் தயங்கினார். அவரே பின்னாளில் சொன்னது இது: "பறிச்சிருக்கணும் சார். அன்னைக்கு எனக்கும் புத்தி வேலை செய்யல." தன் மேல் பங்கு போட்டுக்கொண்ட அந்த வாக்கியத்துக்கு நான் தகுதியானவன் அல்ல.

அப்போது மறுமுனையில் குரல் மாறியது. தலைமை மையத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். சத்தம் போட்டுப் பேசியதை யாரும் கேட்டதில்லை. ஸ்ரீதரிடமிருந்து போனை வாங்கியிருக்கிறார்.

"என்னப்பா, என்ன அனுப்பணும் நீ?"

"சார், லாகின் பாலிசி மறுக்குது சார், எல்லா அனுமதியும் கொடுத்துப் பார்த்துட்டேன்..."

"அது இருக்கட்டும். அனுப்ப வேண்டியது என்ன?"

"ஒரு ஊர் பேர் சார். வறட்சி லிஸ்ட்ல."

நீண்ட தூரக் கம்பியின் இரைச்சலில் காகிதம் எடுக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லு."

சொன்னேன். ஊர், பஞ்சாயத்து, குடும்ப எண்ணிக்கை. அவர் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்து தப்பவில்லை. "இரு" என்று போனை மேசையில் வைத்துவிட்டு நடந்து போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"பட்டியல் கையெழுத்தாகிப் போயிடுச்சுப்பா. கூட்டமும் கலைஞ்சுடுச்சு. கொஞ்சம் முன்னாடி இதைச் சொல்லியிருந்தா நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். பக்கத்துக் கட்டடம்தான்."

நூர்ஜஹானுக்கு அவர் பேசியது கேட்டிருக்காது. என் முகத்தைப் படித்துக்கொண்டார். பிறகு ஊர் பெயரைச் சொல்ல எனக்குப் பிடித்த நேரத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பார் போல.

"இவ்வளவுதானா சார்?" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அந்த மூத்தவர் போனை வைக்கவில்லை. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "கன்சோல்ல என்ன அடிச்சிருக்குன்னு படி" என்றார். குனிந்து, காலுக்கடியிலிருந்து காகிதத்தை எடுத்தேன். என் கால் தடம் பட்டுக் கசங்கியிருந்தது. முதல் மறுப்பிலிருந்து கடைசி வரை ஒரே வாக்கியம். அனுமதிக் கோப்பு இருக்கும் இடத்தில் மற்றவர்களால் எழுத முடிகிறது, ஆகவே ஏற்கவில்லை. உரக்கப் படித்தேன்.

"எத்தனை தரம் சொல்லியிருக்கு?"

"நிறைய சார்."

"சரி. பேக்கப் டேப்பை எடுத்து ஒவ்வொண்ணா பழையபடி ஆக்கு. அவசரப்படாதே, இனிமே அவசரம் ஒண்ணும் இல்லை."

கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார். அதனால்தான் இன்றும் காதில் இருக்கிறது.

மெஷினைச் சரிசெய்த கதை உங்களுக்கு வேண்டாம். அது வெறும் வேலை, யாரும் செய்வார்கள். நீங்கள் இன்று வைத்திருக்கும் பாலிசிகள் எங்களுடையதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமானவை. ஒவ்வொரு மறுப்புக்கும் யார், எதை, எந்த முத்திரையோடு தொட வந்தார் என்று பிசகாமல் எழுதி வைக்கின்றன. அதைப் படிக்காமல் அணைக்கிறவன் என்னைப்போலக் காகிதத்தின் மேல் நிற்கிறவன்தான். ஆனால் இதை மட்டும் சொல்வதற்காக நான் உட்காரவில்லை. பதிவைப் படி என்பதை எந்தக் கையேடும் சொல்லும். எனக்குக் கூசுவது வேறு இடத்தில்.

மறுநாள் காலை கீழே ஜீப் சத்தம். நூர்ஜஹான் இறங்கவில்லை. "ஏறுங்க சார்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

புளியங்கொட்டாய் மொரப்பூரிலிருந்து உள்ளே போக வேண்டும். பாதிக்கு மேல் ஜீப் போகாது. ஊருக்குப் பக்கத்தில், ஒருவருடைய நிலத்தில், பாறையை வெட்டி இறக்கிய ஒரு பெரிய கிணறு. அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்று. ஒரு பெண் கீழே இறங்கி, சொம்பால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். மேலே நின்றவர்கள் கயிற்றால் அதை இழுத்தார்கள். வரிசையில் நிறையக் குடங்கள் நின்றன. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளும் வரிசையில் இருந்தார்கள்.

கயிறு இழுத்துக்கொண்டிருந்த மாதம்மாள் என்பவர் நூர்ஜஹானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க மேடம். வண்டி எப்ப வருது?"

"இந்தத் தடவை இல்ல மாதம்மா. அடுத்த லிஸ்ட்லதான்."

கயிறு நின்றது. "இல்லைன்னா? முந்தாநேத்துத்தான வூடு வூடா வந்து எழுதிக்கிட்டுப் போனீங்க?"

"எழுதினேன். போய்ச் சேரல."

"மெட்ராசு என்ன சீமையிலயா இருக்குது போய்ச் சேராம? மொரப்பூர்ல ரயிலேத்தி விட்டிருந்தாக்கூட ஒரு ஆளு போய்ச் சொல்லிட்டு வந்திருப்பானே."

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் எதிரொலித்தது. "யாருடி அது, கயித்தை நிறுத்திப்போட்டு?"

"தண்ணி மேடம் வந்திருக்காங்க."

"தண்ணியோட வந்திருக்காங்களா, நோட்டோட வந்திருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் திட்டு ஆரம்பித்தது. நீங்க வர்றதும் எழுதறதும், எங்க வீட்டுல வந்து ஒருநாள் தண்ணி சேந்திப் பாருங்க, படிச்ச பொம்பளைன்னு நம்பினோமே என்று ஆளுக்கொரு பக்கம். நூர்ஜஹான் வாய்த்துடுக்கானவர் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு "சரிதான் மாதம்மா, சரிதான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை. மாதம்மாள் என்னைப் பார்த்தார்.

"இந்த சாரு யாருங்க?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காரு" என்றார் நூர்ஜஹான். அத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு இடம் விட்டார் என்று இன்று புரிகிறது.

நான் வாயைத் திறந்தேன். போய்ச் சேராததற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வாயிலிருந்து வந்தது இது:

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

மாதம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். "இருக்கிறோம் சார்" என்றார். திரும்பி நூர்ஜஹானைத் தொடர்ந்து திட்டினார்.

அடுத்த கூட்டத்தில் புளியங்கொட்டாய் பட்டியலில் முதலில் இருந்தது. வண்டி போனது, தண்ணீரும் கிடைத்தது. அதுவரை அந்தப் பெண்கள் அந்தக் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று நூர்ஜஹான்தான் சொன்னார். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும், அந்தப் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதுதான் அதில் கேவலம்.

உங்கள் திரையில் தெரிவது ஒரு கணக்கின் பெயரும் ஒரு மறுப்பும் மட்டுமே. அந்தக் கணக்கு யாருக்காக உள்ளே வர முயல்கிறது என்பது எந்தப் பதிவிலும் இருக்காது. எழுந்து போய்க் கேட்டால்தான் தெரியும். கேட்டுவிட்டால், முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பாலிசி அதுவரை காத்திருக்கும். அதற்குத் தாகம் எடுக்காது.

அன்று ஜீப்பில் திரும்பும்போது மொரப்பூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கூட்ஸ் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் பேசினால் பாதி காதில் விழாது என்ற தைரியத்தில் கேட்டேன்.

"ஏங்க மேடம் என் பேரைச் சொல்லலை? என்னாலதான்னு சொல்லியிருக்கலாமே. எல்லாத்தையும் நீங்க வாங்கிக்கிட்டீங்க."

நூர்ஜஹான் கூட்ஸ் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்பாக இருந்தார்.

"உங்களைச் சொல்லணும்னா கம்ப்யூட்டர்னா என்னன்னு சொல்லணும். அப்புறம் லாகின்னா என்ன, அது ஏன் விடலைன்னு எல்லாம் சொல்லணும். அதுக்கெல்லாம் அவங்களுக்கு ஏது சார் நேரம்? கீழ ஒருத்தி கிணத்துக்குள்ள நின்னுக்கிட்டிருக்கா."

கேட் திறந்தது. டிரைவர் வண்டியை எடுத்தார்.